ஆஸ்திரேலியாவில் விமானம் இறங்குகிறவர்களுக்கு: உணவு, மருந்து, சுங்கம், நோய்த்தடுப்பு விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, திருச்சி, மதுரை, கொழும்பிலிருந்து சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ பெர்த்துக்கோ போகிறவர்களுக்கு, குறிப்பாக மகள் பிரசவத்துக்கென்று பெட்டி நிறையப் பொடியும் பட்சணமும் கட்டிக்கொண்டு போகிற பெற்றோருக்காக இந்தப் பக்கம். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் சுங்கத்தைவிட உணவுச் சோதனைதான் நம் ஆட்களை அதிகம் படுத்தும். அதனால் அதற்குத்தான் இங்கே இடம் அதிகம்.

விமானத்திலேயே ஓர் அட்டை தருகிறார்களே, அது எதற்கு?

அதுதான் வருகைப் பயணி அட்டை. தலைக்கு ஒன்று. கைக்குழந்தைக்கும் உண்டு, பெற்றோரில் ஒருவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பக்கத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், தங்கப்போகும் முகவரி. அதோடு ஆம், இல்லை என்று பெட்டியில் குறிக்க வேண்டிய கேள்விகள் வரிசையாக இருக்கும்: மருந்து, ஆயுதம் போன்றவை; மது, சிகரெட்; 900 டாலருக்கு மேற்பட்ட பொருள்; 10,000 டாலர் பணம்; இறைச்சி, மீன், முட்டை, பால், பழம், காய்; தானியம், விதை, மூலிகை, மரச்சாமான்; விலங்குப் பொருள்; மண் ஒட்டிய சாமான்; கடந்த 30 நாளில் பண்ணைக்குப் போனீர்களா; கடந்த 6 நாளில் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கம் இருந்தீர்களா.

கையெழுத்துப் போட்ட பிறகு அது சட்டப்படியான வாக்குமூலம். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்து நிரப்பிக் கொடுத்தார், எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று பிறகு சொன்னால் செல்லாது. ஆங்கிலம் சரளமில்லாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் முன்கூட்டியே கேள்விகளைத் தமிழில் எழுதி, எதற்கு "ஆம்" போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினால் பாதி கவலை தீர்ந்தது. கையில் ஒரு பேனாவும் இருக்கட்டும்.

"ஆம்" என்று போட்டால் அபராதம் போடுவார்களா?

மாட்டார்கள். இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். உணவு இருக்கிறது என்று எழுதி, அதிகாரியிடம் எடுத்துக் காட்டிவிட்டால், அது தடைசெய்யப்பட்ட பொருளாகவே இருந்தாலும் உணவு விஷயத்தில் உங்களுக்குத் தண்டனை இல்லை. பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் நஷ்டம். சில பொருளுக்கு, உங்கள் செலவில் கதிர்வீச்சோ புகையூட்டலோ செய்து திருப்பித் தரும் வழியும் உண்டு. கட்டணம் பொருளின் விலையைவிடக் கூடுதலாக வரும் என்பதால் பெரும்பாலோர் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

பெட்டியில் ஒரேயொரு பிஸ்கட் பாக்கெட் இருந்தாலும் "ஆம்" போடுங்கள். அனுமதி உள்ள பொருள், அனுமதி இல்லாத பொருள் என்று நீங்களே பிரித்துப் பார்த்து "இல்லை" போட வேண்டியதில்லை. பிரிப்பது அவர்கள் வேலை.

சொல்லாமல் கொண்டுபோய்ச் சிக்கினால்?

எக்ஸ்ரே, மோப்ப நாய், பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று மூன்று வழியிலும் பார்ப்பார்கள். லாப்ரடார் நாய் ஒன்று உங்கள் பையருகே வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு வாசனை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நேற்று அந்தப் பையில் வைத்திருந்த மாம்பழத்துக்குக்கூட உட்காரும். பழம் இல்லையென்றால் பிரச்சினை இல்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

பொய் வாக்குமூலத்துக்கு அங்கேயே அபராத நோட்டீஸ் தரலாம். அபராதத்தை டாலராக எழுதாமல் "தண்டனை அலகு" என்று சட்டம் கணக்கிடுகிறது. 2024 நவம்பர் 7 முதல் ஓர் அலகு 330 ஆஸ்திரேலிய டாலர். பொருளின் ஆபத்தைப் பொறுத்து நோட்டீஸ் 20 அலகு வரை, அதாவது 6,600 டாலர் வரை போகலாம். அலகின் மதிப்பு அவ்வப்போது உயர்த்தப்படும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் தொகை இதைவிடப் பலமடங்கு.

விசாவும் போகலாம். 2019 அக்டோபரில் சிட்னியில் இறங்கிய வியட்நாம் பெண் ஒருவர் பச்சைப் பன்றி இறைச்சி உள்ளிட்ட சுமார் 10 கிலோ உணவை எழுதாமல் கொண்டுவந்ததற்காக, சுற்றுலா விசா ரத்தாகித் திரும்பிப் போனார். உணவை மறைத்ததற்காக அப்படி விசா ரத்தானது அதுதான் முதல் முறை. 2021 முதல் மாணவர் விசா, தற்காலிக வேலை விசாக்காரர்களுக்கும் இது பொருந்தும். படிக்கப் போகிற பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அரிசி, பருப்பு, வரமிளகாய், தனியா எல்லாம் காய்ந்த பொருள்தானே? ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

காரணம் காப்ரா வண்டு. வளர்ந்த வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர். புழு பழுப்பு நிறத்தில் மயிர் மயிராக இருக்கும். தானியக் கிடங்கில் புகுந்தால் மூட்டை மூட்டையாகத் தின்று, உதிர்த்த தோலையும் மயிரையும் தானியத்திலேயே விட்டுவிடும். மிச்சமும் சாப்பிட லாயக்கில்லாமல் போகும். தீனி இல்லாமலே புழு வருடக்கணக்கில் இடுக்கில் ஒளிந்து உயிரோடு கிடக்கும். சாதாரணப் பூச்சிமருந்துக்குச் சாகாது. நம் துணைக்கண்டத்தில் அது சாதாரணமாக இருக்கிற பூச்சி, ஆஸ்திரேலியாவில் இல்லை. கோதுமை ஏற்றுமதி செய்கிற நாடு என்பதால் அது நுழைந்தால் வாங்குகிற நாடுகள் கதவைச் சாத்திவிடும். 2007-இல் பெர்த்தில் ஒரு குடும்பம் கொண்டுவந்த வீட்டுச் சாமானோடு அது வந்து, தேடிப்பிடித்து ஒழிக்க வேண்டியதாயிற்று.

இதனால் 2020 அக்டோபர் முதல் ஒரு பட்டியலில் உள்ள பொருள்களைப் பயணப் பெட்டியிலும் தபாலிலும் எந்த நாட்டிலிருந்தும் கொண்டுவரக் கூடாது. அரிசி, கோதுமை, கொண்டைக்கடலை, துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மைசூர்ப்பருப்பு வகை, பட்டாணி, சோயா, வேர்க்கடலை, சீரகம், தனியா, சோம்பு, வரமிளகாய் இவையெல்லாம் அதில் வருகின்றன. சாம்பாருக்கு வேண்டியது ஏறக்குறைய மொத்தமும் பட்டியலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலக்கு உண்டு. தொழிற்சாலையில் தயாரித்து அங்கேயே பாக்கெட் செய்து, வறுத்தோ பொரித்தோ வேகவைத்தோ பொரியாக்கியோ வெப்பத்தில் பக்குவப்படுத்தியதாக இருந்தால் அனுமதிக்கலாம். கம்பெனி பாக்கெட்டில் வரும் வறுத்த கடலை, மிக்சர், முறுக்கு இந்த வகை. மளிகைக் கடையில் எடை போட்டுக் கட்டிக்கொடுத்த பொட்டலம் இந்த வகையில் வராது.

சிட்னியில் பாராமட்டா, பென்டில் ஹில் பக்கமும் மெல்பர்னில் டான்டினாங் பக்கமும் இந்திய, இலங்கைக் கடைகளில் இவை எல்லாமே கிடைக்கின்றன. பருப்புக்காக லக்கேஜ் எடையைச் செலவழிக்காதீர்கள்.

வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய்?

வீட்டுப் பொடியில் மிளகாய், தனியா, பருப்பு மூன்றும் இருக்கின்றன. வறுத்துத்தான் அரைத்தீர்கள் என்றாலும், தொழிற்சாலைத் தயாரிப்பு என்ற நிபந்தனையில் அது தேறாது. ஜிப்லாக் கவரில் பெயர் எழுதாத சிவப்புப் பொடியை எக்ஸ்ரேயில் பார்க்கிற அதிகாரிக்கு அது என்னவென்று தெரிய வழியில்லை. விட்டுவிட்டுப் போவது நல்லது.

கடை ஊறுகாய் பரவாயில்லை: மூடி உடையாத பாட்டில், ஆங்கிலத்தில் சேர்மானப் பட்டியல், தயாரித்த நாடு, இவை இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். வீட்டு ஊறுகாய் அதிகாரியின் முடிவுக்கு விட வேண்டியது. அது நிலையத்தில் போய்விட்டால் வருத்தப்படாத அளவுக்கு மட்டும் எடுத்துப்போங்கள். இறைச்சி, கோழி ஊறுகாய் வேண்டவே வேண்டாம்.

ஒரு வேலைமுறை: உணவு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில், மேலாக வையுங்கள். உள்ளே என்னென்ன, எத்தனை பாக்கெட் என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அதன்மேல் வையுங்கள். நான்கு பெட்டியிலும் புடவை மடிப்புகளுக்கு நடுவே சொருகிவைத்தால் நான்கையும் கொட்டித்தான் பார்ப்பார்கள். மறைத்துவைத்தது போலவும் தோன்றும்.

நெய், பால்கோவா, மைசூர்பாகு?

இவை பால் பொருள் கணக்கில் வருகின்றன. கோமாரி நோய் இல்லாத நாடு என்று அங்கீகரிக்கப்பட்ட நாட்டுப் பால் பொருளைத்தான் பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. மாட்டுக்கும் பன்றிக்கும் வருகிற இந்த நோயின் கிருமி பாலிலும் இறைச்சியிலும் தங்கிப் பயணம் செய்யும். ஆஸ்திரேலியாவில் அது கடைசியாக வந்தது 1872-இல். 2022-இல் இந்தோனேசியாவில், பிறகு பாலித்தீவில் பரவியபோது விமான நிலையங்களில் கிருமிநாசினி ஊற்றிய மிதியடிகளைப் போட்டு எல்லோரையும் மிதித்து வரச்செய்தார்கள். பெரிய அளவில் பரவினால் 10 ஆண்டில் 80 பில்லியன் டாலர் நஷ்டம் என்பது அவர்கள் அரசின் மதிப்பீடு. பால்கோவா டப்பாவைக் கண்டால் அவர்கள் முகம் மாறுவது இதனால்தான்.

எனவே பால்கோவா, பேடா, பர்ஃபி, குலாப் ஜாமுன், ரசகுல்லா, நெய் மைசூர்பாகு, கோயில் லட்டு எதுவும் வேண்டாம். தீபாவளி சமயத்தில் இனிப்புப் பெட்டிகள் அதிகம் பிடிபடும். சாக்லேட், பிஸ்கட், கெடாத கேக் ஆகியவை எழுதிக் காட்டினால் விடுவார்கள். கைக்குழந்தை கூட வருகிறதென்றால் அதற்கான பால் பவுடருக்கு விலக்கு உண்டு.

ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூடவா கூடாது?

கூடாது. கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சும் ஒரே தாவரக் குடும்பம். ஆசிய எலுமிச்சைத் தத்துப்பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடி பிடித்தமான வீடு. அது பரப்புகிற பசுமையாதல் நோய் வந்த ஆரஞ்சு மரத்துக்கு மருந்தே கிடையாது. பூச்சியின் முட்டை இளங்கொழுந்து மடிப்புக்குள் இருக்கும், கழுவினாலும் கண்ணில் படாது. ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்தது இந்த நோய்தான். ஆஸ்திரேலியாவில் பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. வாழையிலை, மாவிலை, வெற்றிலை, பழம், காய், கிழங்கு எந்தப் பச்சைப் பொருளுக்கும் இதே பதில்தான். விமானத்தில் கொடுத்த ஆப்பிளையும் சீட்டிலேயே விட்டுவிடுங்கள். கைப்பையில் மறந்துபோன பழத்துக்குத்தான் நிறையப் பேர் அபராதம் கட்டுகிறார்கள். வரிசைக்கு முன்னால் குப்பைத்தொட்டிகள் வைத்திருப்பார்கள். அதில் போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

பூஜைச் சாமான், கோயில் பிரசாதம்?

பித்தளை விளக்கு, வெள்ளிச் சாமான், துணி, படம் எல்லாம் தாராளமாகப் போகலாம். எண்ணெய்ப் பிசுக்கில் அரிசியும் மண்ணும் ஒட்டியிருக்கக் கூடாது; தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். சிக்கல் வருவது பிரசாதப் பொட்டலத்தில்தான். பிரித்தால் குங்குமத்தோடு துளசி, வேப்பிலை, காய்ந்த மல்லிகை, இரண்டு அட்சதை அரிசி, ஓர் எலுமிச்சம்பழம் என்று வரும். குங்குமத்தையும் திருநீற்றையும் தனியாக டப்பாவில் மாற்றிக்கொண்டு மற்றதை ஊரிலேயே விட்டுவிடுங்கள். திருநீறு பசுஞ்சாணத்தில் செய்வதால் அதையும் எழுதிக் காட்டுங்கள். தலையில் வைத்திருக்கும் பூச்சரத்தை இறங்குமுன் எடுத்துப் போட்டுவிடுங்கள். முழுத்தேங்காய், தர்ப்பை, வரட்டி, மயிலிறகு வேண்டாம். ருத்ராட்சம் விதை, துளசிமாலை மரம். கழுத்தில் போட்டிருந்தாலும் சொல்லுங்கள். மரச்சிலை, மணை, மத்து இவற்றில் பட்டை இருக்கக் கூடாது. துளையும் பொடியும் இருந்தால் பூச்சி என்று எடுத்துவிடுவார்கள்.

கீரை விதை, முருங்கை விதை?

ஒவ்வொரு விதைக்கும் தாவரவியல் பெயர் வேண்டும், அந்த இனம் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும், மண், சருகு, வேறு விதை எதுவும் கலந்திருக்கக் கூடாது. பேப்பரில் மடித்த விதைக்கு இதில் ஒன்றும் தேறாது.

நாங்கள் கிராமத்துக்காரர்கள், வீட்டில் மாடு இருக்கிறது. பண்ணைக் கேள்விக்கு என்ன போடுவது?

"ஆம்" போடுங்கள். மாட்டுத்தொழுவம், வயல், குளம், ஆறு எல்லாம் அந்தக் கேள்விக்குள் வரும். அதிகாரி கேட்பது பெரும்பாலும் எந்தச் செருப்பு, எங்கே இருக்கிறது என்பதுதான். அடிப்பாகத்தில் சேறு இருந்தால் கழுவித் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். கிளம்புமுன் பழைய பல்துலக்கியால் செருப்பின் அடிக்கோடுகளைச் சுரண்டிக் கழுவிவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மருந்து எவ்வளவு கொண்டுபோகலாம்?

சொந்த உபயோகத்துக்கு 3 மாத அளவு. டாக்டர் சீட்டோ கடிதமோ ஆங்கிலத்தில், மருந்தின் மூலப்பெயரோடு இருக்கட்டும். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிய்த்து, நாள்வாரி டப்பாவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கடைப் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். டிராமடால், கோடீன் போன்ற வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் சீட்டு இல்லாமல் போகவே கூடாது.

இந்தச் சலுகை உங்களுக்கும் உங்களோடு பயணம் செய்கிற குடும்பத்தினருக்கும் மட்டும். அங்கே இருக்கிற மகனுக்கு ஆறு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை வாங்கிப் போவது இதில் அடங்காது. லேகியம், சூரணம், பிரசவ மருந்து, சுக்கு, திப்பிலி ஆகியவை மூலிகைக் கேள்விக்குள் வருகின்றன. நெய்யும் தேனும் சேர்ந்த லேகியத்துக்குக் கேள்வி கூடுதலாக வரும். லேபிள் இல்லாத நாட்டு மருந்துப் பொட்டலத்துக்கு வழியில்லை.

900 டாலர் கணக்கு எப்படி?

18 வயதானவருக்கு 900 ஆஸ்திரேலிய டாலர், அதற்குக் கீழே 450. ஒரே குடும்பம் சேர்ந்து பயணம் செய்தால் கூட்டிக்கொள்ளலாம்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 2,700. பரிசுப் பொருள், நகை, கேமரா, எலக்ட்ரானிக் சாமான் இதில் வரும். உடுத்தும் துணி, செருப்பு, சோப்பு, சீப்பு வராது. 12 மாதத்துக்கு மேல் நீங்களே வைத்துப் பயன்படுத்திய பொருளும் வராது. பழைய தாலிச் சரடுக்குக் கவலை வேண்டாம், புதிதாக வாங்கிய வளையலுக்கு ரசீது வேண்டும்.

எல்லையைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வகைப் பொருள் முழுவதற்கும் வரி. 1,000 டாலர் பொருள் என்றால் 100-க்கு அல்ல, 1,000-க்கும்.

அங்கேயே வசிப்பவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது போன் வாங்கி, விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போவார்கள். அதே போனைத் திரும்பக் கொண்டுவந்தால் அதன் விலையும் 900-க்குள் சேரும்.

மது, சிகரெட், வேப் (மின்சிகரெட்)?

18 வயது நிரம்பியவருக்கு மது 2.25 லிட்டர். சிகரெட் 25, அதோடு பிரித்த பாக்கெட் ஒன்று, அதில் 25-க்கு மேல் இருக்கக் கூடாது. டூட்டி ஃப்ரீயில் 200 சிகரெட் கார்ட்டன் வாங்கினால் மொத்தத்துக்கும் வரி. அங்கே புகையிலை வரி பயங்கரம். வேப் சிகிச்சைக்காக என்றால் 2 கருவி, 20 உதிரி, 200 மில்லி திரவம் வரை.

பணம்?

எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், தடையில்லை. 10,000 ஆஸ்திரேலிய டாலரோ அதற்கு மேலோ, எந்த நாட்டு நோட்டாக இருந்தாலும், எழுதிக் காட்ட வேண்டும். டிராவலர்ஸ் செக், வங்கி டிராஃப்ட் போன்றவையும் கணக்கில் சேரும். எழுதுவதால் வரி எதுவும் கிடையாது.

தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டுமா?

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேராகப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் வேண்டாம். வருவதற்கு முந்தைய 6 நாளில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் ஓர் இரவோ அதற்கு மேலோ தங்கியிருந்தால், 1 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரிடமும் கேட்பார்கள். கென்யா, நைஜீரியாவில் வேலை பார்த்துவிட்டு நேராக வருகிறவர்கள் கவனிக்கவும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய அட்டையில் 10 ஆண்டு என்று அச்சாகியிருந்தாலும் சரி. சான்றிதழ் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். இன்ன அறிகுறி வந்தால் உடனே டாக்டரிடம் போ என்று ஓர் அட்டை தந்து விடுவார்கள்.

விமானத்திலேயே காய்ச்சல் வந்தால்? ஏன் ஏதோ ஸ்ப்ரே அடிக்கிறார்கள்?

பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். இறங்குமுன் கேப்டன் நோயாளி விவரத்தைத் தெரிவித்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். காய்ச்சலோடு தடிப்பு, மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு போன்றவை இருந்தால் அதிகாரி விமானத்துக்குள்ளேயே வந்து பார்ப்பார். சாதாரணச் சளிக்கு யாரையும் அடைத்துவைப்பதில்லை. ஸ்ப்ரே கொசுவுக்கானது, ஆஸ்துமா இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். அடிக்கும்போது இருமல் வரும் குழந்தைக்கு ஈரத்துணி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நாய், பூனையைக் கூட்டிப்போகலாமா?

பெட்டியோடு பெட்டியாகக் கூட்டிப்போக முடியாது. 2015-இல் நடிகர் ஜானி டெப் தனி விமானத்தில் சொல்லாமல் கொண்டுவந்த இரண்டு நாய்களையே 50 மணி நேரக் கெடு வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். இந்தியா அங்கீகரிக்கப்பட்ட நாடல்ல என்பதால் நேராக அனுப்ப வழியில்லை. அங்கீகாரம் பெற்ற வேறொரு நாட்டின் வழியாக, மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அதன்பின் 180 நாள் காத்திருப்பு, இறக்குமதி அனுமதி எல்லாம் முடிந்து மெல்பர்னில் இறங்கினால், மிக்கிள்ஹாம் தனிமைக்கூடத்தில் குறைந்தது 10 நாள், நிபந்தனையைப் பொறுத்து 30 நாள்.

சிட்னியில் எல்லாம் முடிந்தது. அடுத்த விமானம் பெர்த்துக்கு. இனிச் சோதனை இருக்காதே?

இருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் தனி விதி. மேற்கு ஆஸ்திரேலியா பழம், காய்கறி, தேன் விஷயத்தில் கறார். சிட்னி கடையில் வாங்கிய தேனைக்கூடப் பெர்த்தில் எடுத்துவிடுவார்கள். தாஸ்மேனியாவும் தென் ஆஸ்திரேலியாவும் பழ ஈக்குப் பயந்து பழங்களைத் தடுக்கின்றன. உள்நாட்டு விமானம் ஏறுமுன் வாங்கிய வாழைப்பழத்தை விமானத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.